வங்கிக் கணக்கில் வரும் ஆயிரம் ரூபாய்: வாசகர் கேள்வி பதில்

அரசு நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தும் உதவித்தொகைகள் கிராமத்து ஏழைக் குடும்பங்களில் என்ன செய்கின்றன என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கட்சிகளை வாழ்த்தியும் வைதும் வந்த கடிதங்கள் விடப்பட்டுள்ளன.

மாதம் ஆயிரம் ரூபாய் சும்மா கிடைத்தால் உழைக்கும் எண்ணம் போய்விடாதா? நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைக்காததற்கு இதுதான் காரணம் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக வரும் ஆயிரம் ரூபாயை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 33 ரூபாய் வருகிறது. 2025-26-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். ஆக, ஒரு மாதத் தொகை மூன்று நாள் கூலிக்குச் சமம். மூன்று நாள் கூலி கைக்கு வந்துவிட்டது என்பதற்காக மீதி இருபத்தேழு நாளும் ஒரு குடும்பம் வீட்டில் உட்கார்ந்துகொள்ளும் என்று நம்ப என்னால் இயலவில்லை.

ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகராகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களின் தரவுகளைப் பொருளியல் அறிஞர் அபிஜித் பானர்ஜியும் அவருடைய சக ஆய்வாளர்களும் மறுபடி அலசி, 2017-ல் முடிவுகளை வெளியிட்டனர். உதவி பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதில் முறையான சான்று கிடைக்கவில்லை. நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 2011, 2012 ஆண்டுகளில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் மாதந்தோறும் பணம் கொடுத்து, பணம் கொடுக்கப்படாத பன்னிரண்டு கிராமங்களோடு அவற்றை ஒப்பிட்டது. பெரியவர்களுக்கு 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100 ரூபாய் என்று தொடங்கி, பிறகு 300, 150 என்று உயர்த்தப்பட்டது. அங்கே உழைப்பு குறையவில்லை. கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சிலர் சொந்த நிலத்திலும், வாங்கிய ஆடு கோழிகளிலும் கூடுதல் நேரம் உழைத்தார்கள்.

தஞ்சை வட்டாரத்தில் ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு உரிமைத் தொகை தொடங்கிய 2023-க்கு வெகுகாலம் முன்பே கேட்டதுதான். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளும், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளும், பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியதும் அதற்கான காரணங்கள். ஆயினும் உங்கள் ஊர்ப் பேச்சில் ஓர் உண்மை ஒளிந்திருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். வேலையில்லாத மாதங்களில் நிலக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அறுவடையின்போது அவர் சொன்ன கூலிக்கு வேலை செய்து கழிக்க வேண்டிய நிலையில் இருந்த ஒரு பெண், கையில் சிறிது பணம் இருந்தால் அந்த முன்பணத்தை வாங்காமல் இருந்துவிடலாம். அடுத்த பருவத்தில் அவள் கூலியைப் பேசித்தான் வருவாள். நிலக்காரருக்கு அது ‘ஆள் கிடைக்கவில்லை’ என்று தெரிகிறது. சொன்ன கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதே சரியான வாசகம். சாகுபடிச் செலவு ஏறும் சிறு விவசாயிக்கு இது சுமைதான். அந்தச் சுமைக்கு வழி நெல் விலையிலும் இயந்திர வாடகையிலும் தேடப்பட வேண்டியது.

குடும்பத் தலைவன் நான் இருக்கும்போது பணத்தை ஏன் மனைவியின் பெயரில் போடுகிறார்கள்? இது வீட்டில் சச்சரவை உண்டாக்குவதாகாதா?
— வாசகர், விழுப்புரம் மாவட்டம்

சச்சரவு வரும் வீடுகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யார் கையில் பணம் சேர்கிறது என்பதைப் பொறுத்து அது எங்கே செலவாகிறது என்பது மாறுகிறது. தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் கறுப்பின மக்களுக்கும் விரிவாக்கப்பட்ட பிறகு, அந்தக் குடும்பங்களின் குழந்தைகளைப் பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்ளோ ஆராய்ந்தார். 2003-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பாட்டி ஓய்வூதியம் பெற்ற வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் தேறின. தாத்தா பெற்ற வீடுகளில் அத்தகைய தேர்ச்சி தென்படவில்லை. தாத்தாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது சராசரியைப் பற்றிய பேச்சு.

மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலியைக் கணவரின் கணக்கில் போடாமல் மனைவியின் சொந்தக் கணக்கில் போட்டு, கணக்கை இயக்கவும் கற்றுக்கொடுத்த ஆய்வொன்று 2021-ல் வெளியானது. அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு வெளி வேலைக்கும் கூடுதலாகப் போனார்கள் என்று அது கண்டது. கணக்கு அவள் பெயரில் இருந்தால் மட்டும் போதாது, அதை அவளே இயக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நம் ஊர்களில் ஏடிஎம் அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் கணவரோ மகனோ வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. அந்த வீடுகளில் ‘மகளிர்’ என்பது திட்டத்தின் பெயரில் மட்டும் நிற்கிறது.

பணமாகக் கொடுப்பதெல்லாம் கடைசியில் மதுக்கடைக்குத்தானே போகிறது?
— மூன்று வாசகர்கள், ஊர் குறிப்பிடவில்லை

பல நாடுகளின் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா ஆகிய இரு ஆய்வாளர்கள், உதவித்தொகையால் மதுவுக்கும் புகையிலைக்குமான செலவு கூடவில்லை என்றே கண்டார்கள். முன்பு சொன்ன சேவா அமைப்பின் மத்தியப் பிரதேசச் சோதனையிலும் கூடவில்லை. டாஸ்மாக் வழியாகத் தமிழ்நாட்டு அரசுக்கு 2023-24-ல் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். உரிமைத் தொகைக்கு 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டது 13,720 கோடி ரூபாய். ஆயிரம் ரூபாய் வருவதற்கு முன்பே மது வீட்டுக் கூலியைத் தின்றுகொண்டுதான் இருந்தது. குடியின் கணக்கை உதவித்தொகையின் தலையில் எழுதுவது நியாயமில்லை. குடிக்கும் கணவர் ‘உனக்குத்தான் ஆயிரம் வருகிறதே’ என்று சொல்லி வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்வது வேறு பிரச்சினை. அது நடக்கும் வீடுகளில் உதவியின் ஒரு பகுதி மறைமுகமாக அவருக்கே போய்ச் சேர்கிறது.

பணம் வந்த அன்றே குழுக் கடன் தவணைக்குப் போய்விடுகிறது. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். பிறகு இதனால் எங்களுக்கு என்ன பயன்?
— வாசகி, செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்

வந்த கடிதங்களில் மிக முக்கியமானது இதுதான் என்று கருதுகிறேன். உதவித்தொகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரிசி, பால், பள்ளிக் கட்டணம் என்று செலவுப் பட்டியல் போடுகிறார்கள். கடன் அந்தப் பட்டியலில் வருவதில்லை. கிராமத்து ஏழைக் குடும்பத்தின் வரவு ஒழுங்கற்றது. நடவுக்காலத்தில் கூலி வரும், ஐப்பசி மழையில் நின்றுபோகும், திடீரென்று காய்ச்சலோ காதுகுத்தோ வந்து நிற்கும். அந்த இடைவெளிகளைக் கைமாற்றும், நகை அடகும், வட்டிக் கடனும், குழுக் கடனும் நிரப்புகின்றன. அப்படிப்பட்ட வீட்டில் மாதந்தோறும் குறித்த நாளில் வரும் ஒரே வரவு இந்த ஆயிரம் ரூபாய் என்பதால், அது குறித்த நாளில் கட்ட வேண்டிய தவணையோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. அதை வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு, பத்தாயிரம் வாங்கிய குடும்பம் மாதம் 500 ரூபாய் வட்டி கட்டுகிறது. வட்டி மட்டுமே கட்ட முடிகிற வீட்டில் அந்தக் கடன் பத்தாண்டு ஆனாலும் பத்தாயிரமாகவே நிற்கும். மாதம் ஆயிரம் ரூபாயை அதிலேயே தொடர்ந்து கட்டினால், வட்டி போக மீதி அசலில் கழிந்து, ஏறத்தாழ பதினைந்து மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அதற்குப் பின் வட்டியாகப் போய்க்கொண்டிருந்த 500 ரூபாயும் குடும்பத்திடமே நிற்கிறது. வேறு எந்தச் சேமிப்பிலும் இவ்வளவு வருமானம் கிடைக்காது.

அபாயம் எங்கே என்றால், கடன் கொடுப்பவரும் இந்தத் தேதியை அறிந்து வைத்திருக்கிறார். ‘மாதா மாதம் ஆயிரம் வருகிறது, இன்னொரு கடன் தாங்கும்’ என்று அவர் சொல்ல, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கும் சுழல் தொடங்கினால், அரசுப் பணம் குடும்பத்தின் வழியாகச் சென்று வட்டியாக முடியும். அடமானமில்லாத சிறு கடனான நுண்கடனைப் பெறும் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-ல் ஒரு சட்டமும் நிறைவேற்றியது. மூன்று நான்கு நிறுவனங்களின் தவணை அட்டைகள் ஒரே வீட்டில் இருந்தால், அந்தப் பாதிக் கணக்கை யாரோ சரியாகப் போடவில்லை என்று பொருள். ஆகவே என் யோசனை: உங்கள் கடன்களில் வட்டி எதற்கு அதிகமோ, அதை முதலில் முடியுங்கள். தவணை ஒழுங்காகப் போகிறது என்பதற்காக பழைய கடன் முடியுமுன்பே அதன்மேல் கூட்டி நீட்டப்படும் ‘டாப் அப்’ கடனை வாங்காதீர்கள்.

மாதம் ஆயிரம் என்று சில்லறையாகக் கொடுப்பதைவிட ஆண்டுக்கு ஒருமுறை 12,000 ரூபாயாகக் கொடுத்தால் ஓர் ஆடோ தையல் இயந்திரமோ வாங்கலாமே?
— வாசகி, கரூர்

கென்யாவின் ராரியேடா என்ற வட்டாரத்தில் ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் 2011, 2012-ல் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பியபோது, சிலருக்கு மாதத் தவணையாகவும் சிலருக்கு மொத்தமாகவும் கொடுக்கப்பட்டது. மாதந்தோறும் பெற்றவர்களின் வீட்டில் உணவு நிலை தேறியது. மொத்தமாகப் பெற்றவர்கள் நீண்டநாள் நிற்கும் பொருள்களை வாங்கினார்கள். பணம் பெற்றவர்கள் விரும்பிச் செய்த செலவுகளில் ஒன்று, புல்லால் வேய்ந்த கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டது. பணக்காரப் பார்வைக்கு அது வீண் அலங்காரமாகத் தெரியலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை கீற்று வாங்கிக் கூரை மாற்றும் செலவை அறிந்த நம் கிராமத்து வாசகர்களுக்கு அதன் லாபத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இரண்டும் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. வயிற்றுக்குப் போதாத வீட்டுக்கு மாதத் தொகை நல்லது. சாப்பாட்டுக்குப் பெரிய குறையில்லாமல் முதலீட்டுக்கு வழியில்லாத வீட்டுக்கு மொத்தத் தொகை நல்லது. தமிழ்ப் பெண்கள் அரசு கொடுக்கும் மாதத் தொகையை ஏலச்சீட்டில் கட்டி, தாங்களே அதை மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்கிறார்கள் என்பதும் உண்டு. சீட்டு நடத்துபவர் நம்பகமானவராக இருக்கும்வரை அது நல்ல ஏற்பாடு.

ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணமே கொடுத்துவிடலாம் என்கிறார்களே, சரியா?
— வாசகர், வில்லியனூர், புதுச்சேரி

இந்தக் கேள்வியைக் கேட்கப் புதுச்சேரிக்காரரைவிடத் தகுதியானவர் இல்லை. 2015 செப்டம்பரில் சண்டிகரோடு புதுச்சேரியிலும் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை தொடங்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டுகளில் இலவச அரிசியா, அதற்கான பணமா என்று ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் இடையே நடந்த இழுபறி உங்களுக்கு நினைவிருக்கும். நெடுநாள் மூடிக்கிடந்த நியாயவிலைக் கடைகள் 2024 அக்டோபரில் தீபாவளியையொட்டி மீண்டும் திறக்கப்பட்டன.

இதைவிடக் கசப்பான அனுபவம் ஜார்க்கண்டில் நிகழ்ந்தது. ராஞ்சிக்கு அருகிலுள்ள நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் ஒரு சோதனை தொடங்கப்பட்டது. அதுவரை கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வாங்கியவர்கள், கணக்கில் பணம் வந்துவிட்டதா என்று வங்கிக்குப் போய்ப் பார்த்து, அதை எடுத்துக்கொண்டு, பிறகு அதே ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய் கொடுத்து அரிசி வாங்க வேண்டியதாயிற்று. ஒரு மூட்டை அரிசிக்காக இரண்டு மூன்று நாள் கூலியை இழந்தவர்கள் இருந்தார்கள். பணம் எந்தக் கணக்கில் வந்தது என்று தெரியாதவர்களும் இருந்தார்கள். மக்கள் ராஞ்சிக்கு ஊர்வலமாகப் போனார்கள்; 2018-ல் அந்தச் சோதனை கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ என்று கொண்டு, வெளிச்சந்தையில் சாதாரண அரிசி கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், அதன் மதிப்பு மாதம் ஆயிரம் ரூபாய். அரிசி விலை 60 ஆகும்போது ரேஷன் அரிசியின் மதிப்பு தானாகவே 1,200 ஆகிவிடும். வங்கியில் விழும் ஆயிரமோ ஆயிரமாகவே நிற்கும். விலையேற்றத்துக்கு எதிரான காப்பு அரிசியில் இருக்கிறது, பணத்தில் இல்லை. மலைக்கிராமத்திலோ ஒரே மளிகைக் கடை உள்ள ஊரிலோ அரிசிக்குப் பதில் பணம் கொடுத்தால், அந்த ஒரு கடைக்காரர் வைத்ததுதான் விலை. ஆகவே அரிசிக்கு மேலாகப் பணம் என்பதை ஆதரிக்கிறேன். அரிசிக்குப் பதிலாகப் பணம் என்பதை, குறைந்தது நம் மாநிலத்தில் கடைகள் ஓரளவு ஒழுங்காக இயங்கும்வரை, ஏற்க மாட்டேன். பேருந்துக்கும் இதே கணக்குத்தான்: கட்டணமில்லாப் பயணத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. டிக்கெட் விலை ஏறினால் அந்த மிச்சமும் கூடவே ஏறும்.

எல்லோர் கையிலும் பணம் புழங்கினால் விலைவாசி ஏறாதா?
— வணிகர், அருப்புக்கோட்டை

கடைகள் நிறைந்த, சாலை வசதியுள்ள ஊரில் ஏறாது என்றே சொல்லலாம். கென்யாவின் சியாயா மாவட்டத்தில் 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா சுமார் ஆயிரம் டாலர் கொடுத்தபோது, விலைகள் சராசரியாக 0.1 சதவீதம் மட்டுமே ஏறின. கொடுத்த ஒவ்வொரு டாலரும் உள்ளூர்க் கடை, கூலி, தச்சு வேலை என்று கைமாறி ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதார நடவடிக்கையைப் பெருக்கியது. வணிகரான உங்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் பிலிப்பைன்ஸின் ஒதுக்குப்புறக் கிராமங்களில் நேர்ந்தது வேறு. அங்கே முட்டை, மீன் போன்ற அழுகும் பொருள்களின் விலை ஏறி, உதவி கிடைக்காத வீட்டுக் குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைபாடு அதிகரித்ததாக ஓர் ஆய்வு காட்டியது. ஓர் ஊரில் பெரும்பாலோருக்குக் கொடுத்துச் சிலரை விட்டுவிடும்போது அந்தச் சிலர் முன்பைவிடவும் தாழ்ந்துபோகக் கூடும்.

என் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மின் பயன்பாடு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருக்கிறோம். இது என் தவறா?
— வாசகி, பரமக்குடி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்

உங்கள் தவறு இல்லை. ஏழ்மையை நேரில் அளக்க முடியாத அரசு அதன் அடையாளங்களை அளக்கிறது. உரிமைத் தொகைக்கு வைக்கப்பட்ட வரம்புகள் இவை: ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள், நிலம் ஐந்து ஏக்கர் நன்செய் அல்லது பத்து ஏக்கர் புன்செய்க்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள், நான்கு சக்கர வாகனம் இருக்கக் கூடாது. இவற்றில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வகைக் குடும்பத்தைத் தவறாகத் தள்ளும். உங்களைப் போலக் கூட்டு மீட்டரில் இருப்போர், பழைய வாடகை வண்டியை ஓட்டிப் பிழைப்போர், பாகம் பிரியாத பட்டாவில் பெயர் உள்ளோர் எல்லாரும் அந்த வகையினர். தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கப்பட்டபோது தேர்வானவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம். தள்ளப்பட்டவர்களிலிருந்தும் புதியவர்களிலிருந்தும் சுமார் 17 லட்சம் பேர் 2025 டிசம்பரில் சேர்க்கப்பட்டனர். விண்ணப்பத்தைத் தள்ளினால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யும் வழி திட்டத்திலேயே வைக்கப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது மூன்று குடும்பங்களின் தனித்தனிக் குடும்ப அட்டைகளையும், ஒரே மின் இணைப்பு எண்ணையும் எடுத்துக்காட்டுங்கள்.

இந்த வகைப் பிழை பிரதமரின் விவசாயிகள் உதவித் திட்டத்தில் இன்னும் ஆழமானது. 2019-ல் தொடங்கிய அத்திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக நிலத்தின் உரிமையாளருக்குத்தான் கொடுக்கிறது. குத்தகைக்கு உழுபவருக்கும், நிலமே இல்லாத கூலிக்காரருக்கும் அதில் இடமில்லை. சென்னையில் குடியிருக்கும் நில உரிமையாளருக்குப் பணம் போகிறது. அவருடைய நிலத்தில் விதைப்பவர் உரத்துக்குக் கடன் வாங்குகிறார். ஒடிசா அரசு விவசாயிகளுக்கான தன் காலியா உதவித் திட்டத்தில் பங்குச் சாகுபடியாளர்களையும் நிலமற்றோரையும் சேர்த்தது என்பதால், இது செய்ய முடியாத காரியம் அல்ல.

இலங்கையில் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும திட்டத்திலும் இதே குறைபாடு இருக்கிறதல்லவா?
— வாசகர், மட்டக்களப்பு

இருக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும, குடும்பங்களைக் கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகியவற்றின் அளவுகோல்களால் மதிப்பிட்டு, மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை நான்கு படிகளாகத் தொடங்கியது. அதற்கு முன்பிருந்த வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்தியில் கட்சிச் சார்பு புகுந்திருந்தது என்ற குற்றச்சாட்டுக்கு இந்தப் புள்ளி முறை ஓரளவு விடையளித்தது. ஆனால் பெயர்ப்பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகளும் ஆர்ப்பாட்டங்களும் குவிந்தன. புள்ளிகள் ஒருமுறை எடுக்கப்பட்ட நிலையைக் காட்டுகின்றன; கடற்றொழிலாளியின் வள்ளம் அடுத்த மாதம் உடைந்துபோனால் அது பழைய புள்ளியில் தெரியாது.

என் மாமியாருக்குக் கைரேகை பதியவில்லை என்று முதியோர் தொகை கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்த காலம் நன்றாக இருந்தது அல்லவா?
— வாசகி, தென்காசி மாவட்டம்

மணியார்டர் காலத்திலும் ‘டீச் செலவு’ என்று பத்து இருபது பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வங்கிக் கணக்கு அந்தப் பிடித்தத்தை ஒழித்தது. பதிலுக்குத் தூரத்தையும் கைரேகையையும் கொண்டுவந்தது. வயலிலும் அடுப்படியிலும் தேய்ந்த விரல்களை இயந்திரம் அடையாளம் காணாமல் போவது முதியவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. ஒரு விரல் பதியாவிட்டால் மற்ற விரல்களைப் பதியச் சொல்லுங்கள்; ஆதார் மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்; வங்கிக் கிளையிலேயே நேரில் பாஸ்புக் கொண்டு பணம் எடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

வங்கியின் வேறொரு குறும்பும் உண்டு. உரிமைத் தொகையின் முதல் தவணை வந்தபோதே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்றும் பழைய கடன் பாக்கி என்றும் சில வங்கிகள் அதில் பிடித்தம் செய்தன. அப்படிச் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாகக் கண்டித்தார். 2025-ல் பல பொதுத்துறை வங்கிகள் சேமிப்புக் கணக்குகளுக்கு அந்த அபராதத்தையே நீக்கிவிட்டன.

நிபந்தனையில்லாமல் கொடுப்பதைவிடப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான், தடுப்பூசி போட்டால்தான் பணம் என்று சொல்வது மேல் அல்லவா?
— கிராமச் செவிலியர், தருமபுரி மாவட்டம்

1997-ல் மெக்சிகோ தொடங்கிய புரோகிரெசா திட்டம் அப்படித்தான் நடந்தது. உலகமே அதைப் பார்த்து எழுதியது. நம்மிடம் அதற்குப் பத்தாண்டு முன்பே, 1987-ல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 300 ரூபாயோடு தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் அதன் மதிப்பு ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் ஆயிற்று. கர்ப்பத்தைக் காலத்தில் பதிவதும், அரசு மருத்துவமனையில் பிரசவமும், தடுப்பூசியும் அதன் நிபந்தனைகள்.

மலாவியில் நடந்த ஓர் ஆய்வு இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. பள்ளிக்கு வந்தால்தான் பணம் என்ற நிபந்தனை, பெண் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைப்பதில் வென்றது. நிபந்தனையில்லாத பணம், இளவயதுத் திருமணத்தையும் கர்ப்பத்தையும் குறைப்பதில் வென்றது. ஏனெனில் பள்ளியை விட்டுவிட்ட பெண்ணுக்கும் அது போய்ச் சேர்ந்தது. நிபந்தனை கடைசி நிலையில் இருப்பவரையே முதலில் வெளியே தள்ளுகிறது என்பதை நீங்கள் உங்கள் பகுதி மலைக்கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். பிரசவ உதவியின் நோக்கமே கர்ப்பிணி கூலிக்குப் போகாமல் ஓய்வெடுக்கவும் நன்றாகச் சாப்பிடவும் வேண்டும் என்பது. பதிவு எண்ணில் ஒரு பிழை என்று தவணை தள்ளிப்போய், குழந்தை தவழத் தொடங்கியபின் வந்தால், பணம் வந்தது என்பதைத் தவிர அந்த நோக்கம் எதுவும் நிறைவேறுவதில்லை.

இப்படிக் கொடுத்துக்கொண்டே போனால் வறுமை ஒழியுமா? இதற்கு ஒரு முடிவு வேண்டாமா?
— கல்லூரி மாணவர், சேலம்

மாதம் ஆயிரம் ரூபாய் வறுமையை ஒழிக்காது. ஒழிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்கு ஆளுக்குச் சுமார் 400 டாலர் வீதம் கொடுத்த திட்டத்தில், நான்காம் ஆண்டில் பெற்றவர்களின் வருமானம் மற்றவர்களைவிட நன்றாக உயர்ந்திருந்தது. ஒன்பதாம் ஆண்டில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. மேற்கு வங்கத்தில் பரம ஏழைப் பெண்களுக்குக் கறவை மாடு போன்ற உடைமையும், சில மாதம் உணவுப் படியும், கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பவரும் சேர்ந்து கிடைத்த திட்டத்தின் பலன் பத்தாண்டு கழித்தும் நின்றது. பணம் மட்டும் என்பதற்கும், பணத்தோடு வேறு சிலவும் என்பதற்கும் உள்ள தூரம் அதுதான்.

ஆனால் ‘முடிவு வேண்டாமா’ என்ற கேள்வியை எல்லா உதவிக்கும் பொதுவாகக் கேட்க முடியாது. முதியோர் ஓய்வூதியத்தைத் தமிழ்நாடு 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. எண்பது வயதுப் பாட்டி பயிற்சி பெற்றுத் தொழில் தொடங்கி, உதவி தேவைப்படாத நிலையை அடைவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அங்கே கேட்க வேண்டியது, தொகை விலைவாசியோடு சேர்ந்து நகர்கிறதா என்பதுதான். அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை கணக்கிடப்படுகிறது. மாநில ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. உரிமைத் தொகை தொடங்கி இரண்டு ஆண்டு முடிந்தபோதும் அதே ஆயிரம்தான். மத்திய அரசு அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையுள்ள முதியவருக்குத் தன் பங்காக மாதந்தோறும் தருவது 200 ரூபாய். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று 2007-ல் அதற்குப் பெயர் வைக்கப்பட்டபோது இருந்ததும் அதே 200 ரூபாய்தான்.